நெருப்பே இல்லாத ஊர்

பயர் ஷெட்டின் கதவை ஒருவர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, காலில் பூட்ஸ். அகலத்தை அளந்தார். உயரத்தை அளந்தார். அப்புறம் உள்ளே நின்ற சிவப்புத் தீயணைப்பு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, அதன் முன்பக்கத்தில் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்க வருகிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.

நான் இடுப்பில் குடத்தோடு அங்கேயே நின்றுவிட்டேன். தட்டிப் பார்க்கிறவன் வாங்குகிறவன் என்றால், விற்கிறவன் யார்?

பக்கத்து வீட்டு ராஜம்மா பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூன்று வயசுப் பெண் லட்சுமி பம்பு மேடையில் உட்கார்ந்திருந்தது. கெண்டைக்காலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

“ராஜி, அந்த ஆளு இன்னா பண்றான் பாரு.”

“கதவுக்கு அளவு எடுக்கறாருக்கா. புதுக் கதவு போடுவாங்களா இருக்கும்.”

“கதவுக்கு அளவு எடுக்கறவன் வண்டிய ஏன் தட்டறான்?”

ராஜம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குடம் நிரம்பி வழிந்த பிறகும் பம்பை அடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள் மேலும் ஒரு சந்தேகம் விழுந்தது.

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் பெரியவனுக்குக் காது குத்திய கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அந்த மாமன் சண்டையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்த வாரம் முழுக்க அந்த டேப்காரர்தான் நினைவில் நிற்கிறார்.

புளி போட்டுத் தேய்த்த மணி

எங்கள் ஊர் ஐயம்பேட்டைக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில், பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. வீட்டுக்கு வீடு தறி. எல்லாம் பனை ஓலைக் கூரை. அடுப்பும் தறியும் குழந்தை தூங்கும் தூளியும் ஒரே கூரைக்குக் கீழே. அடுப்புக்கும் தறிக்கும் நடுவில் ஒரு கோணித் திரை தொங்கும், அவ்வளவுதான்.

நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்னால் ஒரு கோடையில் தெருவே எரிந்து போனதாம். அதற்கப்புறம்தான் சர்க்கார் இந்த ஷெட்டைப் போட்டு, ஒரு வண்டியையும் சில ஆட்களையும் கொண்டுவந்து வைத்தது. பாலாற்றங்கரை வரைக்கும் உள்ள கிராமங்களுக்கெல்லாம் அந்த ஒரு வண்டிதான்.

ஆட்களுக்குத் தலைவர் தாமோதரன். உயரமான ஆள், பெரிய மீசை. பொழுது போகவில்லை என்றால் வண்டியின் பித்தளை மணியைத் தேய்ப்பார். தெருவில் வந்து நின்று, “அம்மா, கரைச்ச புளி சக்கை இருந்தா போடுங்கம்மா” என்று கேட்பார்.

“எங்க வூட்டு வெளக்கு கருத்துக்கெடக்குது, ஒன் மணிக்குப் புளியா?” என்று பெண்கள் வாயாடுவோம்.

“வெளக்கு ஒங்க வூட்டுக்கு மட்டும் எரியும். மணி ஊருக்கே அடிக்கும்மா.”

“எங்க அடிச்ச? தேய்ச்சே பாதி மணிய காணோம்!”

அந்த வண்டி நெருப்புக்குத்தான் என்றில்லை. கிணற்றில் விழுந்த சினை மாட்டைக் கயிறு கட்டி ஏற்றியவர்கள் அவர்கள்தான். ஏரிக்கரையில் பஸ் சாய்ந்தபோது ஜன்னலை உடைத்து ஆட்களை இழுத்துப் போட்டார்கள். கழனியில் பாம்பு கடித்துக் கிடந்தவரை வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். அவர் இன்றைக்கும் பேரன் பேத்திகளோடு இருக்கிறார்.

திரௌபதி அம்மன் தீமிதிக்கும் வண்டி வந்து நிற்கும். காப்புக் கட்டியவர்கள் குழி இறங்கும் வரை தாமோதரன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கைகூப்பி நிற்பார். எங்கள் அம்மன் அக்கினியில் பிறந்தவள். நான் இப்போதும் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும்போதுகூட ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பற்ற வைக்கிறேன். மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

விற்கிறவன் யார்?

டீக்கடையிலிருந்து சேதி வந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்.

“சிக்கனமாம். ஷெட்டை எடுக்கப் போறாங்களாம். எங்கனா நெருப்புன்னா காஞ்சிபுரத்துலேர்ந்து வண்டி வருமாம்.”

“வழியில ரயில்வே கேட்டு மூடியிருந்தா?”

“தொறக்கற வரைக்கும் நெருப்பு நின்னுக்கினு இருக்கும் போல” என்றார்.

சிரித்தோம். ஆனால் அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே திரும்பி அடுப்பைப் பார்த்தோம். எனக்கு அப்போது இரண்டாவது வயிற்றில் இருந்தது.

சர்க்காருக்கு எங்கோ மெட்ராஸில் இருந்துகொண்டு எங்கள் ஊர் ஷெட்டின் மேல் ஏன் கண் விழ வேண்டும்? யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார் என்பதுதான் அந்த வாரம் முழுக்கத் தெருவில் பேச்சு. ஆண்கள் ஒன்றுகூடி, எடுக்கக்கூடாது என்று மனுக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மனுவில் கைநாட்டு வைத்தவர்களே ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட்டார்கள்.

தாமோதரன்தான் மெட்ராஸுக்கு மாற்றல் கேட்டு ஏதோ எழுதிப் போட்டுவிட்டார் என்று ஒரு பேச்சு. கட்சிக்காரர்கள் அடுத்த ஊருக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு.

எனக்கு மட்டும் சபாபதி முதலாளி மேல்தான்.

சபாபதி முதலாளி எங்கள் தெருவுக்கே வேலை கொடுக்கிறவர். பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். நாங்கள் நெய்து கொண்டுபோய்க் கொடுக்கும் சேலையை எடை போட்டு வாங்கிக்கொள்வார். அம்மன் கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான். அவருடைய பட்டு வைக்கும் வீடு, பயர் ஷெட்டுக்கு ஒட்டின சுவர். ஷெட் காலியானால் அந்த இடம் யாருக்குப் போகும்? நீங்களே சொல்லுங்கள்.

“வாயை வெச்சுக்கினு சும்மா இரு அம்சா. அவரு காதுல விழுந்தா பாவு வராது” என்றார் வீட்டுக்காரர்.

பாவு வராது. அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் தெருவில் எல்லா வாயும் மூடும். பாவு என்பது தறியில் நீளமாகப் பூட்டும் பட்டு இழைகள். அது வராவிட்டால் தறிக்குழியில் காலை விட்டு என்ன செய்வது?

கண்ணப்பன் வீட்டுப் பட்டு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் தெருக்கோடியில் கண்ணப்பன் என்று ஒரு நெசவாளர் இருந்தார். அவர் வீட்டில் ஒரு நாள் நெருப்புப் பிடித்தது. அவர் மனைவி கத்தினாள். மணி அடித்துக்கொண்டு வண்டி வந்தது. அணைத்தார்கள். உயிருக்குச் சேதமில்லை. தறியில் இருந்த பட்டுதான் எரிந்து போனது.

பட்டு எரிந்தால் தலைமயிர் பொசுங்கிய நாற்றம் வரும். அப்புறம் கருப்பாகக் கொஞ்சம் பொடி. தொட்டால் அதுவும் உதிரும். ஊதினால் பறந்துவிடும்.

சபாபதி முதலாளி வந்தார். குனிந்து அந்தப் பொடியைக் கிள்ளி, விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“பட்டு எரிஞ்சுதா கண்ணப்பா, இல்ல எங்கனா போச்சா?”

விற்றுவிட்டு எரிந்தது என்கிறாயா என்று அர்த்தம். அவ்வளவுதான் கேட்டார். அதட்டவில்லை, திட்டவில்லை. கண்ணப்பன் அம்மன் மேல் சத்தியம் செய்தார். முதலாளி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் கண்ணப்பனுக்கு அவரிடமிருந்து பாவு வரவில்லை. மற்ற முதலாளிகளுக்கும் சேதி போய்விட்டது. மழைக்காலம் வருவதற்குள் அந்தக் குடும்பம் தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு நெல் அவிக்கப் போனது. கண்ணப்பன் மனைவி போகும்போது என்னிடம் சொன்னாள்: “நான் கத்தாம இருந்திருக்கலாம்.”

அதைத் தெருவில் இருந்த எல்லாப் பெண்களும் கேட்டோம்.

சாம்பிராணிப் புகை

அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாரும் கத்தவில்லை. நெருப்புப் பிடித்த வீடு என்று முதலாளி காதில் விழுந்தால் பாவு நின்றுவிடும் என்று பயம்.

நெருப்பு வராமல் இல்லை. ஓலைக்கூரைக்குக் கீழே விறகடுப்பு, வராமல் இருக்குமா? வந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டுவோம். அந்தத் தட்டு எல்லோருக்கும் தெரியும். பாவு இழைகளைத் தோய்ப்பதற்காக வீட்டுக்கு வீடு கஞ்சித் தண்ணீர் பானையில் இருக்கும். அது வரும். நனைத்த கோணி வரும். ஒருத்தி துறட்டியால் எரியும் ஓலையை இழுத்துப் போடுவாள். ஒருத்தி தெரு முனையில் போய் நின்றுகொள்வாள். ஒரு சத்தம் இருக்காது. குழந்தைகளின் வாயைக்கூடப் பொத்திவிடுவோம்.

தெரு முனையில் ஒருத்தி நிற்பது தாமோதரனுக்காக. புகையைப் பார்த்தாலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவார்.

“இன்னாம்மா பொகை?”

“சாம்பிராணி போட்டோம்பா. வெள்ளிக்கெழமை இல்ல?”

“இன்னிக்கி செவ்வாக்கெழமைம்மா.”

“அம்மனுக்குச் செவ்வாயும் ஒசத்திதான்.”

அவர் வண்டி மேலேயே உட்கார்ந்து எங்கள் முகங்களைப் பார்ப்பார். கரி படிந்த முகங்கள். “இவ்ளோ சாம்பிராணி போட்டா சாமிக்கே இருமல் வந்துடும்மா” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்புவார். எங்கள் வீட்டு அடுப்படி ஐப்பசியில் ஒரு தடவை பிடித்தபோதும் இப்படித்தான் திருப்பி அனுப்பினோம்.

அடுத்த நாள் ஆண்கள் ஏறி, எரிந்த இடத்தில் புது ஓலை வேய்ந்துவிடுவார்கள். பழைய ஓலை கருத்துப் போயிருக்கும். நடுவில் அந்தப் புது ஓலை மட்டும் மஞ்சளாகத் தெரியும். சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரி. யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

ராஜம்மா வீட்டுக் கூரையில் அந்த மாசம் அப்படி ஒரு மஞ்சள் ஒட்டு வந்திருந்தது. நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று பார்த்தேன். அதே சமயத்தில்தான் லட்சுமி காலில் துணி.

“கொழந்தைக்கு இன்னா ஆச்சு ராஜி?”

“கஞ்சி கொட்டிக்கினுச்சுக்கா.”

கஞ்சி கொட்டினால் மேலிருந்து கீழே வழியும். இது அப்படி இல்லை. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதுதான் எங்கள் தெரு வழக்கம்.

அம்மன் வாசலில்

மனுவைப் பார்த்துவிட்டு ஒரு ஆபீசர் வந்தார். பங்குனி வெயில். அம்மன் கோயில் வாசலில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் வேப்ப மரத்தடியில். மஞ்சள் தண்ணீர் தெளித்த தரையில் ஈரம் இன்னும் காயவில்லை. டேப் வைத்து அளந்த அதே மனிதர் ஆபீசருக்குப் பின்னால் நின்றிருந்தார். சபாபதி முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு பக்கத்து நாற்காலியில்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. சாந்தமாகத்தான் பேசினார்.

“உங்க மனுவைப் படிச்சேன். வண்டி வேணும்னு எழுதியிருக்கீங்க. சரி. ஆனா என்னைக்கோ ஒரு வீடு எரிஞ்சதுக்கு அப்புறம் இத்தனை காலமா உங்க ஊர்லேர்ந்து நெருப்புன்னு யாருமே கூப்பிடலையே? சுத்துப்பட்டுல எப்பவாவது ஒரு வைக்கோல் போர் எரியுது. அதுக்குக் காஞ்சிபுரம் வண்டியே போதும். நெருப்பே இல்லாத ஊருக்கு எதுக்குங்க வண்டி?”

பாம்பு கடித்தவரைக் காப்பாற்றியதை ஒருவர் சொன்னார். மாட்டைப் பற்றி ஒருவர். “அதெல்லாம் நெருப்புல சேராதுங்க” என்றார் ஆபீசர், வருத்தத்தோடுதான்.

எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லா ஆண்களும் குனிந்துகொண்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் யார் விற்றது, யார் விற்றது என்று ஊரெல்லாம் தேடினோமே! வண்டி வராதபடி தெரு முனையில் நின்று திருப்பி அனுப்பியது யார்?

முதலாளி எழுந்தார். துண்டைச் சரிசெய்துகொண்டு, கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

“இந்தத் தாயி காவல் இருக்கற ஊரு சார் இது. அக்கினியில பொறந்தவ. அவ எல்லைக்குள்ள நெருப்பு வாலாட்டாது.”

பெருமையாகச் சொன்னாரா, ஷெட் இடத்தை நினைத்துச் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே வாயில் வரக்கூடியவைதான்.

சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆபீசர் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தார்.

“சார்.”

வேப்ப மரத்தடியிலிருந்து ஒரு குரல். ராஜம்மா எழுந்து நின்றிருந்தாள். லட்சுமி அவள் இடுப்பில். அவள் வீட்டுக்காரர் குப்புசாமி முன்வரிசையிலிருந்து திரும்பி, உட்காரு என்று கையைக் காட்டினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

“அம்மன் வாசல்ல நின்னுக்கினு நெருப்பே இல்லன்னு சொல்லக்கூடாது சார். கொஞ்சம் தலைய தூக்கி கூரைங்களைப் பாருங்க. கருப்பா இருக்குதே, அது பழைய ஓலை. மஞ்சளா இருக்குதே, அதெல்லாம் நெருப்பு பட்ட எடம்.”

ஆபீசர் அண்ணாந்தார். டேப்காரர் அண்ணாந்தார். அந்தத் தெருவில் முதல் தடவையாக எல்லோரும் ஒன்றாகக் கூரைகளைப் பார்த்தோம். கோயிலிலிருந்து தெருக்கோடி வரைக்கும் ஒட்டு ஒட்டாக மஞ்சள்.

“எங்க வூட்ல மாசியில பிடிச்சுது” என்றாள் ராஜம்மா.

முதலாளியின் முகம் மாறியது. “மாசியிலயா? ஒன் தறியில என் பாவு இல்ல இருந்துது? என் பட்டு இன்னா ஆச்சு?”

“ஒங்க பட்டு ஒரு இழை கெடல மொதலாளி. நானும் அவருமா சேந்து பாவை அவுத்து, சுருட்டி, தெருவுல கொண்டாந்து போட்டோம். அப்பறமாத்தான் உள்ள போயி கொழந்தைய எடுத்தோம்.”

சொல்லிவிட்டு அவள் லட்சுமியின் காலில் இருந்த துணியை அவிழ்த்தாள்.

முழங்காலுக்குக் கீழே தோல் சுருங்கி, சிவந்து, பளபளப்பாக இருந்தது. குழந்தை எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டு, அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கோயில் மணிக்கயிறு காற்றில் ஆடித் தூணில் இடிக்கும் சத்தம் கேட்டது. குப்புசாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

அப்புறம் இன்னொருத்தி எழுந்தாள். “எங்க வூட்ல தை மாசம்.” அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து எங்கள் வீட்டு ஐப்பசியைச் சொன்னேன். பெண்கள் சொல்லச் சொல்ல ஆபீசர் மடித்த காகிதத்தைத் திரும்பப் பிரித்தார்.

பந்தல் கால் ஓரமாக நின்ற தாமோதரன் மீசையைத் தடவிக்கொண்டு, “சாம்பிராணி!” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

“கூப்பிடாத நெருப்பை நான் எப்படிம்மா எழுதறது?” என்று கேட்டார் ஆபீசர்.

“இனிமே கூப்புடுவோம் சார். கூப்புட வண்டி இருக்கணும் இல்ல?” என்றாள் ராஜம்மா.

அவர் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. இந்தக் கோடை முடியட்டும், அதுவரைக்கும் வண்டி இங்கேயே நிற்கட்டும், மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றார். போகும்போது லட்சுமியின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். டேப்காரரை மட்டும் நான் ஜீப் கிளம்பும் வரை முறைத்துக்கொண்டே இருந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? அளக்கச் சொன்னார்கள், அளந்தார்.

வரிசையில் முன்னால் இருந்தவன்

அடுத்த வெள்ளிக்கிழமை பட்டு கொடுக்கும் நாள். அன்று காலையில் ராஜம்மா வீட்டில் அடுப்பு புகையவில்லை. நான் கொஞ்சம் கூழ் கொண்டுபோய் வைத்தேன். அவள் காலியாகக் கிடந்த தறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள்.

“தப்பு பண்ணிட்டனாக்கா?”

“அம்மன் வாசல்ல பொய் சொல்றதுதான் தப்பு” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கண்ணப்பன் மனைவி முகம்தான் எனக்குக் கண்ணில் நின்றது.

முதலாளி வீட்டில் நடந்ததை வீட்டுக்காரர் வந்து சொன்னார். வரிசையில் குப்புசாமி முதலில் நின்றாராம். முதலாளி அவரைத் தாண்டிப் பார்த்து, “ஏகாம்பரம், நீ வாப்பா” என்றாராம்.

“குப்புசாமி முன்னாடி நிக்கறான் மொதலாளி. அவனுக்குக் குடுத்துட்டு எனக்குக் குடுங்க.”

முதலாளி அடுத்தவரைக் கூப்பிட்டாராம். அவரும் அதையே சொன்னாராம். அதற்கடுத்தவரும் நகரவில்லையாம். முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார். தராசு வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. யாரும் கலையவில்லை. உள்ளே காபி ஆற்றும் சத்தம் கேட்டதாம். கொஞ்ச நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், “குப்புசாமி” என்றாராம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். முதலில் அப்படிச் சொன்னது நிஜமாகவே எங்கள் வீட்டுக்காரர்தானா? வீட்டில் அதிர்ந்து பேசாத மனுஷன். சாயங்காலம் ராஜம்மா ஒரு சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து, “அண்ணனுக்குக் குடுக்கா” என்று கண் கலங்கிய பிறகுதான் நம்பினேன்.

மணி அடித்த நாள்

கோடை முடிந்தும் வண்டியை யாரும் எடுக்க வரவில்லை. எழுதிப் பார்த்தாரோ, மறந்தே போனாரோ. நாங்களும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடும் என்று பயம்.

எனக்கு ஆடியில் பெண் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பிக்கிற பருவம், மறுபடியும் பங்குனி. முற்பகல். பெரியவன் பள்ளிக்கூடம் போயிருந்தான். வீட்டுக்காரர் ஒரு வேலையாக டவுனுக்குப் போயிருந்தார். தறியில் அரக்குச் சிவப்பில் ஒரு முகூர்த்தச் சேலை, பாதி நெய்தது. பெண் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பின்கட்டில் பாத்திரம் துலக்கினேன்.

சருகு மேல் யாரோ நடக்கிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் அடுப்புக்கு மேலே கூரையில் வெளிச்சம்.

உள்ளே ஓடினேன். என் கண் முதலில் தறிக்குத்தான் போனது. அத்தனை வருஷப் பழக்கம். அம்மா தாயே என்று ஒரு வார்த்தை. அப்புறம் நான் தறி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. தூளியோடு சேர்த்துக் குழந்தையை வாரிக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

கை சுவரைத் தட்டத்தான் போனது. தட்டாமல் வாயைத் திறந்தேன்.

“நெருப்பு! நெருப்பு! வண்டியக் கூப்புடுங்க!”

அந்தத் தெருவில் அந்தச் சொல்லை அவ்வளவு சத்தமாக யாரும் கத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. ராஜம்மா வெளியே வந்து அவளும் கத்தினாள். வீட்டுக்கு வீடு பெண்கள் கத்தினார்கள். குழந்தைகள்கூடக் கத்தின. அந்தக் கத்தலுக்கு மேலே தாமோதரனின் மணி அடிக்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டுப் புளியெல்லாம் தின்ற மணி!

கூரை பாதி போனது. தறியில் இருந்ததும் போனது. தலைமயிர் பொசுங்கிய நாற்றம் தெருவெல்லாம் நின்றது. தாமோதரன் ஈரச் சட்டையோடு வந்து, குழந்தை கையில் மணிநாக்கின் கயிற்றைக் கொடுத்து விளையாட்டுக் காட்டினார்.

சபாபதி முதலாளி வந்தார். நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தேன். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். கண்ணப்பனிடம் கேட்டதைத்தான் கேட்பார்.

“கொழந்தை நல்லா இருக்குதாம்மா?” என்றார்.

“இருக்குதுங்க மொதலாளி.”

“சரி” என்று தலையை ஆட்டினார். திரும்பிப் போகும்போது, தறி இருந்த இடத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்க்கத்தான் செய்தார். அதையும் நான் பார்த்தேன்.